விடுதி அறையா, வாடகை வீடா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பயணத்தின்போது விடுதியில் அறை எடுப்பதா, குறுகிய காலத்துக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பதா என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றையொன்று ஒத்திருந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதிலளித்திருக்கிறோம்.

கேள்வி: மூன்று தலைமுறையைச் சேர்ந்த நாங்கள் ஆறு பேர் ஒரே நகரத்தில் ஒன்பது இரவுகள் தங்கப்போகிறோம். விடுதியில் மூன்று அறைகள் எடுப்பதைவிட மூன்று படுக்கையறைகள் கொண்ட வீடு ஒன்றை எடுப்பது மலிவாகத் தெரிகிறது. இணையத்தில் காட்டப்படும் தொகையை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: இணையத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஓர் இரவுக்கான வாடகை. உங்கள் கையை விட்டுப் போகும் பணமோ அதைவிட அதிகம். வாடகை வீட்டில் துப்புரவுக் கட்டணம், முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம், சுற்றுலா வரி, சில இடங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டணம் என்று பல தொகைகள் பிறகு வந்து சேரும். இவற்றில் துப்புரவுக் கட்டணம் நீங்கள் இரண்டு இரவு தங்கினாலும் இருபது இரவு தங்கினாலும் பெரும்பாலும் மாறாது. அது ஓர் இரவு வாடகைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு இரவு தங்குபவருக்குச் செலவு பாதியளவு கூடிவிடுகிறது. பத்து இரவு தங்குபவருக்குப் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. வாடகை வீடு குறைந்த நாள்களுக்குக் கட்டுப்படியாகாமல் நீண்ட நாள்களுக்குக் கட்டுப்படியாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரு வாரத்துக்கு மேல் தங்குவோருக்கு வாடகையைக் குறைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் உண்டு.

விடுதிகளும் இந்த வகையில் குறையற்றவை அல்ல. சில விடுதிகள் அறை வாடகைக்கு வெளியே வசதிக் கட்டணம் என்று ஒன்றைத் தனியே வசூலிக்கின்றன. காலை உணவு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கும் தனியே பணம் கேட்கப்படலாம். இந்த வழக்கம் வளர்ந்ததால்தான், விடுதிகளும் குறுகிய கால வாடகை வீடுகளும் கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும், பணம் செலுத்தும் கடைசிப் பக்கம் வரை சென்று, அங்கே தெரியும் மொத்தத் தொகையை விடுதிக்கும் வீட்டுக்கும் எடுத்து ஒப்பிடுங்கள்.

ஆறு பேர், ஒன்பது இரவு என்ற உங்கள் கணக்குக்கு வாடகை வீடே பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. விடுதியில் மூன்று அறைகளும் அடுத்தடுத்து அமையும் என்பதற்கு உறுதியில்லை. வெவ்வேறு தளங்களில் அமைந்துவிட்டால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகும் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து பேசக்கூட இடம் இருக்காது. வீட்டில் பொதுக்கூடமும் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் கிடைக்கும். ஆனால் 'ஆறு பேர் தங்கலாம்' என்ற வரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். கூடத்தில் கிடக்கும் சோஃபாவை இரண்டு பேருக்கான படுக்கையாகக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். எத்தனை கட்டில்கள், எத்தனை குளியலறைகள் என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். ஆறு பேர் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டிய காலை வேளையில் ஒரே ஒரு குளியலறை இருந்தால் படும் பாட்டை எந்த விலைக் குறைப்பும் ஈடுகட்டாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சமையலறை இருக்கிறது என்றால் அங்கே ஒருவர் சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், கிளம்பும் நாளில் குப்பையை வெளியேற்ற வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டில் அன்றாடம் அதே வேலையைச் செய்யும் பெண்ணாகவே இருந்துவிடுகிறார். அவருக்கும் இது விடுமுறைதான். வேலைகளை யார் யார் பகிர்ந்துகொள்வது என்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்ய முடியாத குடும்பத்துக்கு, பணம் கூடுதலானாலும் விடுதியே நல்லது.

கேள்வி: அலுவலக வேலையாக ஒரே ஓர் இரவு தங்க வேண்டும். விமானம் நள்ளிரவுக்குப் பிறகுதான் தரையிறங்குகிறது. வாடகை வீடு சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. இரவு முழுவதும் வரவேற்பறையில் ஆள் இருக்கும் விடுதியைத் தேர்ந்தெடுத்து, தாமதமாக வருவீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காவிட்டால் வரமாட்டீர்கள் என்று கருதி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. மறுநாள் அறையைக் காலி செய்த பிறகு மாலை வரை பெட்டியை வைத்துவிட்டுப் போகவும் விடுதியில் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

கேள்வி: வாடகை வீடு எடுப்பது சில நகரங்களில் சட்டவிரோதம் என்கிறார்கள். முன்பதிவுத் தளத்தில் வெளிப்படையாக விளம்பரம் செய்யப்படும் வீடு எப்படிச் சட்டவிரோதமாக இருக்க முடியும்?

பதில்: விளம்பரம் வந்திருப்பது அனுமதி பெற்றதற்குச் சான்றாகாது. குறுகிய கால வாடகை குறித்த விதிகள் நாட்டுக்கு நாடு மட்டுமல்லாமல் நகரத்துக்கு நகரமும் மாறுகின்றன. கடந்த சில ஆண்டுகளில் அவை வேகமாக இறுகியும் வருகின்றன.

நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பர் முதல், 30 நாள்களுக்குக் குறைவாகத் தங்கவைப்பவர்கள் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் விருந்தினருடன் அதே வீட்டில் இருக்க வேண்டும். பணம் கொடுத்துத் தங்குவோர் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, ஒரு குடும்பம் முழு வீட்டையும் ஒரு வாரத்துக்கு எடுத்துத் தங்குவது அங்கே பெரும்பாலும் முடியாத காரியம். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை 3 மாதங்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது. பாரிஸில் ஒருவர் தாம் வசிக்கும் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆண்டுக்கு 120 நாள்கள் விடலாம் என்றிருந்தது 2025 முதல் 90 நாள்களாகக் குறைக்கப்பட்டது. லண்டனிலும் தனி அனுமதி பெறாதவர்களுக்கு 90 இரவுகள்தான் வரம்பு. ஆம்ஸ்டர்டாமில் அது அதிகபட்சம் 30 இரவுகள். பார்சிலோனா நகர நிர்வாகமோ, சுற்றுலாக் குடியிருப்புகளுக்கான சுமார் 10,000 உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024இல் அறிவித்தது.

விதியை மீறியவர் வீட்டுக்காரராகவே இருக்கலாம்; ஆனால் நடுத்தெருவில் பெட்டியோடு நிற்கப்போவது பயணிதான். ஜப்பானில் இது பெரிய அளவில் நடந்தது. 2018 ஜூன் மாதத்தில் அங்கே புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, உரிமம் பெறாத வீடுகளின் விளம்பரங்களை வாடகை வீடுகளுக்கான முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பி பெருமளவில் நீக்கியது. அந்த வீடுகளில் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த முன்பதிவுகளும் பயண நாள் நெருங்கிவிட்ட நிலையில் ரத்தாயின. பணம் திரும்பக் கிடைத்தாலும், கூட்டம் மிகுந்த பருவத்தில் கடைசி நேரத்தில் அதே விலைக்கு வேறு இடம் தேடுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, பதிவு எண் கட்டாயமாக உள்ள நகரங்களில் விளம்பரத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 'யாராவது கேட்டால் எங்கள் உறவினர் என்று சொல்லுங்கள்' என்று அறிவுரை சொல்பவரின் வீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் தங்காதீர்கள்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளை விடுவதால் உள்ளூர் மக்களுக்கு வீடு கிடைக்காமல் போகிறது என்று படித்தேன். அப்படியானால் வாடகை வீட்டில் தங்குவதே தவறா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறோம். மாத வாடகையைவிடச் சுற்றுலா வாடகையில் கூடுதல் வருமானம் வருமென்றால், வீட்டுச் சொந்தக்காரர்கள் நிரந்தரக் குடித்தனக்காரர்களைத் தவிர்த்துப் பயணிகளை நாடுவது இயல்பு. வீட்டுப் பற்றாக்குறை உள்ள நகரத்தின் மையப் பகுதியில் இப்படி நூற்றுக்கணக்கான வீடுகள் மாறும்போது, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தொலைவுக்குப் போக நேர்கிறது. வாடகை உயர்வுக்குப் புதிய வீடுகள் போதிய அளவு கட்டப்படாதது போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மையே. ஆனாலும் இதன் பங்கை மறுக்க முடியாது.

அதற்காக எல்லா வாடகை வீடுகளையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. தாம் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை விடுபவரும், ஊருக்குப் போகும் சில வாரங்களுக்கு மட்டும் தம் வீட்டை விடுபவரும் எந்தக் குடும்பத்தின் வீட்டையும் பறிப்பதில்லை. ஒரே பெயரில் பத்து, இருபது வீடுகளை விளம்பரம் செய்பவர் நடத்துவது வேறு வகைத் தொழில். வீட்டுக்காரரின் பக்கத்தைத் திறந்தால் அவருடைய மற்ற விளம்பரங்களும் தெரியும். முடிவை அங்கே எடுக்கலாம்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். பாதுகாப்பு என்று பார்த்தால் எது மேல்?

பதில்: அறிமுகமில்லாத ஊரில் முதல் முறை தனியே தங்குபவருக்கு விடுதியையே பரிந்துரைக்கிறோம். பூட்டு வலுவாக இருப்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. இரவு இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டினாலும், குழாய் உடைந்தாலும், திடீரென்று உடல்நிலை கெட்டாலும், கீழே ஒருவர் விழித்திருக்கிறார், அவருக்குப் பொறுப்பு இருக்கிறது என்பதே விடுதியின் பெரிய பலம். வாடகை வீட்டில் அந்த இடத்தில் இருப்பது ஒரு தொலைபேசி எண் மட்டுமே. அதை எடுப்பவர் அதே ஊரில் இருக்கிறாரா என்பதும் தெரியாது.

வாடகை வீட்டை எடுப்பதாக இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். எண் குறியீட்டை அழுத்தித் திறக்கும் கதவாக இருந்தால், ஒவ்வொரு விருந்தினருக்கும் அந்தக் குறியீடு மாற்றப்படுகிறதா என்று கேளுங்கள். உள்ளிருந்து மட்டும் போடக்கூடிய தாழ்ப்பாள் இருக்க வேண்டும். வீட்டுக்குள் கேமரா வைப்பதை ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகெங்கும் தடை செய்திருக்கிறது. வெளியே கேமரா இருந்தால் அதை விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும். வேறு தளங்களின் விதி வேறாக இருக்கலாம் என்பதால் முன்பதிவுக்கு முன்பே படித்துவிடுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கையையும் குளியலறையையும் நோக்கியிருக்கும் கடிகாரம், புகை உணர்வி, சார்ஜர் போன்றவற்றை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஐயம் வந்தால் படம் எடுத்துக்கொண்டு, வீட்டை விட்டு வெளியே வந்த பிறகு தளத்துக்கும் காவல்துறைக்கும் தெரிவியுங்கள்.

பலர் எண்ணிப் பார்க்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கருவி அல்லது கணப்பு பழுதாகி, காற்றோட்டமும் இல்லாமல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். விடுதிகளிலும் இது நடந்திருக்கிறது. ஆனால் கருவிகளை முறையாகச் சோதிக்கும் ஏற்பாடு தனி வீடுகளில் பெரும்பாலும் வீட்டுக்காரரின் அக்கறையைப் பொறுத்ததாகவே இருக்கிறது. விளம்பரத்தில் புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மின்கலத்தில் இயங்கும் சிறிய கருவி ஒன்றைப் பெட்டியில் எடுத்துச் செல்வதும் நல்லது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி எது என்பதை இரண்டு இடங்களிலும் முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு முழங்கால் வலி, படி ஏற இயலாது. 'முதல் தளம்' என்று போட்டிருக்கும் வீட்டை எடுக்கலாமா?

பதில்: அந்தச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் தெருமட்டத்தில் இருப்பது தரைத்தளம், அதற்கு மேலுள்ளதுதான் முதல் தளம். அமெரிக்காவில் தெருமட்டத்தில் இருப்பதையே முதல் தளம் என்று எண்ணுவது வழக்கம். பழைய நகர மையங்களிலுள்ள கட்டடங்களில் லிஃப்ட் இல்லாமல் இருப்பது சாதாரணம். லிஃப்ட் இருந்தாலும் அதை அடையவே வாசலில் நாலைந்து படிகள் இருக்கலாம். 'தெருவிலிருந்து படுக்கை வரை மொத்தம் எத்தனை படிகள்?' என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். குளியலறையில் கால் தூக்கி இறங்க வேண்டிய தொட்டி இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா என்று படத்தோடு கேளுங்கள். பல விடுதிகளில் நடக்கச் சிரமப்படுவோருக்கென்றே அமைத்த அறைகள் உண்டு. அவை சிலவே இருக்கும் என்பதால் நேரடியாகத் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்த வேண்டும். உங்கள் நிலையில் நாங்கள் அத்தகைய விடுதி அறையைத்தான் தேடுவோம்.

கேள்வி: தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினால் வாடகையைக் குறைத்துக்கொள்வதாக வீட்டுக்காரர் எழுதுகிறார். சேவைக் கட்டணம் மிச்சமாகும் அல்லவா?

பதில்: அனுப்பாதீர்கள். வேறொருவர் வீட்டின் படங்களை எடுத்துப் போட்டு, இல்லாத வீட்டுக்குப் பணம் வாங்கும் மோசடி பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. தளத்தின் வழியே செலுத்தும்போது, வீடு படத்தில் கண்டபடி இல்லாவிட்டால் முறையிடவும் பணத்தைத் திரும்பக் கோரவும் ஓர் இடம் இருக்கிறது. ஏர்பிஎன்பியில் அத்தகைய குறையைக் கண்டறிந்த 72 மணி நேரத்துக்குள் படங்களோடு தெரிவிக்க வேண்டும். பொறுத்துக்கொண்டு கடைசி நாளில் புகார் செய்வோருக்குப் பயன் கிடைப்பது அரிது. வெளியே அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பேச்சுவார்த்தை முழுவதையும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு என்று வந்தால் அதுவே உங்கள் சான்று.

கேள்வி: விடுதிக்கு நான்கு நட்சத்திரம், வீட்டுக்கு 4.7 மதிப்பெண். வீடுதான் உயர்ந்ததா?

பதில்: இவ்விரண்டும் வெவ்வேறு அளவைகள், ஒப்பிடவே முடியாது. விடுதியின் நட்சத்திரம் அறையின் பரப்பு, லிஃப்ட், வரவேற்பறை நேரம் போன்ற வசதிகளை வைத்துத் தரப்படுவது. அதன் வரையறையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. மெத்தை சுத்தமாக இருக்கிறதா, பணியாளர் கனிவாகப் பேசுகிறாரா என்பதை அது சொல்லாது. வீட்டின் மதிப்பெண் தங்கியவர்கள் தந்தது. வீட்டுக்காரரோடு நேரில் பழகியவர்கள் குறைவாக மதிப்பெண் போடத் தயங்குவதால் அது பொதுவாகவே உயரத்தில் நிற்கும். எண்ணைவிட எழுத்துக்கே மதிப்பு கொடுங்கள். அண்மைய ஆறு மாதக் கருத்துகளைப் படியுங்கள். 'இரைச்சல்', 'வெந்நீர்', 'நாற்றம்' போன்ற சொற்கள் வெவ்வேறு ஆள்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மை. புகாருக்கு வீட்டுக்காரர் எழுதியிருக்கும் பதிலையும் படியுங்கள். விருந்தினரைத் திட்டிப் பதில் எழுதுபவர் உங்களையும் அப்படித்தான் நடத்துவார்.

கேள்வி: வேலை நிமித்தம் ஆறு வாரங்கள் வெளியூரில் இருக்க வேண்டும். விடுதியில் அவ்வளவு நாள் இருந்தால் மூச்சுத் திணறும். முன்பின் தெரியாத வீட்டில் மாட்டிக்கொள்ளவும் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. சர்வீஸ் அபார்ட்மென்ட் என்று அழைக்கப்படுபவை இந்தத் தேவைக்காகவே ஏற்பட்டவை. தனிச் சமையலறையோடு கூடிய குடியிருப்பு, ஆனால் நிர்வகிப்பது ஒரு நிறுவனம்; வாரத்துக்கு ஓரிரு முறை துப்புரவு செய்து விரிப்புகளை மாற்றுவார்கள், பழுது பார்க்க ஆள் இருப்பார், முறையான ரசீதும் கிடைக்கும். அலுவலகம் செலவைத் திருப்பித் தருவதாக இருந்தால் அந்த ரசீது முக்கியம்.

வாடகை வீட்டையே விரும்பினால், ஆறு வாரத்தையும் ஒரே மூச்சில் பதிவு செய்யாதீர்கள். நீண்ட காலத் தங்கலுக்கு ரத்து விதிகள் கடுமையாக இருக்கும்; ஏர்பிஎன்பியில் 28 இரவுகளோ அதற்கு மேலோ தங்கினால் தனி விதியே பொருந்துகிறது. முதலில் ஒரு வாரம் மட்டும் எடுங்கள். வேலை நாளில் வைஃபை எப்படி இருக்கிறது, மேல்வீட்டுச் சத்தம் இரவில் எவ்வளவு கேட்கிறது, அலுவலகத்துக்குப் போய்வர உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது அந்த வாரத்தில் தெரிந்துவிடும். பிடித்திருந்தால், நீட்டிக்க விரும்புவதை நான்காம் நாளே தளத்தின் செய்திப் பெட்டியில் தெரிவித்து, மீதமுள்ள நாள்களுக்கான மாத வாடகைச் சலுகையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.